தொகுப்பு வழியில் நொதிக்கும் ஓர் இடம்: கரிம வேதியியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த கரிம வேதியியல் ஆய்வு மாணவர்களுக்கும், மருந்து ஆலைகளின் செயல்முறை ஆய்வுக்கூடங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கும்,



ஒரு தொகுப்பு வழியைப் பலகையில் எழுதிவிட்டு, "மூன்றாம் படிக்கு ஒரு நொதியைப் பார்க்கலாமே" என்று யாராவது சொன்னால், நம்மவர்களிடமிருந்து பெரும்பாலும் உடனே ஒரு பதில் வரும். "நொதியா? டொலுயீனில் போட்டால் செத்துப்போகும். சூடு பட்டால் திரிந்துபோகும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராமைக் கரைத்து என்ன செய்வது?" பேச்சு அதோடு முடிந்துவிடும், பல்லேடியமோ ரோடியமோ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்படிச் சொல்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். நாம் நொதிகளை முதலில் சந்தித்தது உயிர்வேதியியல் பாடத்தில். அங்கே நொதி என்றால் ஐஸ் வாளி, 37 டிகிரி, பி.எச். சற்றுப் பிசகினாலும் போச்சு என்ற பதற்றம். அதன்பின் தொகுப்பு ஆய்வகத்துக்குள் நுழைந்து, ரிப்ளக்ஸும் சிலிக்காவும் அன்றாடமாகிவிட்ட பிறகும், நொதியைப் பற்றிய நம் எண்ணம் மட்டும் அந்த ஐஸ் வாளியிலேயே நின்றுவிட்டது. நானும் தொகுப்பில் பயின்று, பிறகு நொதிகளின் பக்கம் வந்தவள்தான். அந்த எண்ணத்தை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். பல படிகள் கொண்ட ஒரு தொகுப்பைத் திட்டமிடும்போது, வெப்பம் தாங்கும் நொதிகளைத் தாளில் வழி வரையும் கட்டத்திலேயே கணக்கில் எடுங்கள். எல்லா வழிகளும் தோற்ற பிறகு தேடுகிற கடைசி மருந்தாக அவற்றை வைத்திருக்காதீர்கள்.

தெர்மஸ் அக்வாட்டிகஸ் கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1966-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த பாக்டீரியா அது. 70 டிகிரி வெப்பத்தில் செழித்து வளரும். பி.சி.ஆர். முறையில் முன்பு ஒவ்வொரு சுற்றிலும் சூட்டில் அழிந்த நொதிக்குப் பதிலாகப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1988-ல் இந்தப் பாக்டீரியாவின் பாலிமரேஸ் அதில் நுழைந்த பிறகு ஒருமுறை சேர்த்தாலே போதும் என்றானது. மாவுச்சத்து ஆலைகள் ஆல்ஃபா அமைலேஸை 100 டிகிரிக்கு மேலேயே ஓட்டுகின்றன. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் 'பயோ வாஷ்' என்று துணியை வெந்நீரில் ஊறவிடுகிறார்களே, அங்கே பஞ்சுப் பிசிறை அறுப்பது செல்லுலேஸ்தான். சூட்டோடும் கரைப்பானோடும் அன்றாடம் புழங்கும் நாம்தான் இந்தப் பாடத்தைக் கற்கத் தாமதித்திருக்கிறோம்.

இந்தப் புரதங்கள் எப்படித் தாங்குகின்றன? அவற்றிலும் அதே இருபது அமினோ அமிலங்கள்தான். நீரை வெறுக்கும் உட்பகுதி இடைவெளியின்றி இறுகியிருக்கும். மேற்பரப்பில் எதிரெதிர் மின்சுமை கொண்ட பக்கத்தொகுதிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும். தளர்ந்து ஆடும் வளையங்கள் குறுகியிருக்கும். பல சமயம் இரண்டு அல்லது நான்கு துணையலகுகள் நெருங்கி ஒட்டி நிற்கும். ஒரு புரதம் குலைவதைப் படிப்படியாக எண்ணிப் பாருங்கள். முதலில் ஏதோ ஓர் ஓரம் அவிழ்கிறது. உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதி வெளியே வருகிறது. அது அடுத்த மூலக்கூறின் அதே பகுதியோடு ஒட்டிக்கொள்ள, கட்டியாகி வீழ்படிகிறது. சூடு இந்த முதல் அவிழ்தலைத் தூண்டுகிறது. டைமெதில் சல்பாக்சைடும், செறிவு மிகுந்த அமீனும், நாள்முழுக்கக் கலக்குவதும் அதே அவிழ்தலைத்தான் தூண்டுகின்றன. அதனால் சூட்டில் அவிழாத புரதம், நம் குடுவையின் மற்றத் தொல்லைகளிலும் பெரும்பாலும் அவிழாமல் நிற்கிறது. எப்போதும் அல்ல, ஆனால் தேடலை அங்கே தொடங்குவதற்குப் போதுமான அளவுக்கு.

இதைத் தெளிவாகக் காட்டும் நொதி டெரா, அதாவது 2-டிஆக்சிரைபோஸ்-5-பாஸ்பேட் ஆல்டோலேஸ். நமக்கு அது ஏன் முக்கியம்? இரண்டு ஆல்டிஹைடுகளைக் கலந்து, கைத்தன்மையோடு விரும்பிய ஆல்டால் ஒன்றை மட்டும் எடுப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைனஸ் 78 டிகிரி, லித்தியம் இனோலேட், துணைத் தொகுதி, காப்புத் தொகுதி என்று நீளும் வேலை அது. 1994-ல் சி-ஹுவே வோங்கின் குழு டெராவைக் கொண்டு இதைத் தண்ணீரில் செய்துகாட்டியது. ஓர் ஏற்பி ஆல்டிஹைடோடு அசெட்டால்டிஹைடு ஒன்று சேர்கிறது. கிடைத்த பொருளும் ஆல்டிஹைடுதான் என்பதால் இன்னோர் அசெட்டால்டிஹைடு அதோடு சேர்கிறது. அதன்பின் மூலக்கூறு தானே ஆறணு வளையமாக மூடிக்கொள்ள, தொடர் அங்கே நின்றுவிடுகிறது. குளோரோஅசெட்டால்டிஹைடை ஏற்பியாக வைத்தால் இரண்டு கைரல் மையங்களும் சரியாக அமைந்து, ஸ்டாட்டின் மருந்துகளின் பக்கச்சங்கிலிக்கான முன்பொருள் ஒரே குடுவையில் கிடைக்கிறது. காப்புத் தொகுதி எதுவும் தேவைப்படவில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஈ. கோலையிலிருந்து எடுத்த டெராவை அதன் வினைபடுபொருளான அசெட்டால்டிஹைடே கொன்றுவிடும். அதனால் நொதியைக் கொட்டித்தீர்க்க வேண்டியிருந்தது. 2004-ல் சான் டியேகோவின் டைவர்சா நிறுவனம், சூழலிலிருந்து திரட்டிய டி.என்.ஏ.வில் தேடி வேறொரு டெராவைக் கண்டெடுத்தது. ஆல்டிஹைடைச் சிறுகச் சிறுக ஊட்டி, லிட்டருக்கு மணிக்கு 30.6 கிராம் என்ற வேகத்தை எட்டியது. எனான்ஷியோமர் மிகுதி 99.9 சதவீதத்துக்கும் மேல். 2007-ல் ஜப்பானில் சகுராபாவின் குழு செய்த ஒப்பீடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலியின் இஸ்கியா தீவுக் கடற்கரையில் கொதிநீர்க் குழியில் கிடைத்த பைரோபாக்குலம் ஏரோஃபிலம், வல்கானோ தீவின் தெர்மோடோகா மாரிடிமா ஆகிய இரண்டு நுண்ணுயிர்களின் டெராக்களையும் ஈ. கோலை டெராவையும் செறிவான அசெட்டால்டிஹைடில் வைத்துப் பார்த்தார்கள். ஈ. கோலை நொதி செயலிழந்தது. வெந்நீர் உயிர்களின் நொதிகள் பெருமளவு தாக்குப்பிடித்தன. சோதனை நடந்த வெப்பநிலை 25 டிகிரிதான். இஸ்கியாக் கடற்கரையில் எந்த நுண்ணுயிரும் செறிவான அசெட்டால்டிஹைடில் நீந்த நேர்ந்ததில்லை. கொதிநீருக்காக வாய்த்த உறுதி, யாரும் எதிர்பாராத ஆல்டிஹைடுக்கும் உதவியது.

இன்னொரு பயனும் உண்டு. தொகுப்பாளர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. நம் மூலக்கூறுகள் பெரும்பாலும் இயற்கை காணாதவை. அவற்றுக்கு ஏற்ற நொதி தயாராகக் கிடைக்காது. திடீர்மாற்றங்களைப் புகுத்தித் தேர்ந்தெடுத்துத்தான் உருவாக்க வேண்டும். ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018 நோபல் பரிசு கிடைத்தது அந்த இயக்கப்பட்ட பரிணாம முறைக்காகத்தான். ஆனால் புதிய செயலைத் தரும் திடீர்மாற்றங்களில் பல, புரதத்தின் உறுதியைக் குறைக்கவும் செய்கின்றன. விளிம்பில் நிற்கும் புரதம் ஒரே மாற்றத்தில் சரிந்துவிடும். 2006-ல் ஜெஸ்ஸி புளூமும் ஆர்னால்டும் சக ஆய்வாளர்களும், பி450 நொதியின் உறுதியான வடிவம் ஒன்றையும் உறுதி குறைந்த வடிவம் ஒன்றையும் ஒரே மாதிரி மாற்றங்களுக்கு உள்ளாக்கினார்கள். உறுதியான வடிவத்திலிருந்தே மடிப்புக் குலையாத சந்ததிகள் கூடுதலாகக் கிடைத்தன. புதிய வினைபடுபொருள்களை ஏற்ற சந்ததிகளும் அதிலிருந்தே கூடுதலாகப் பிறந்தன.

இந்தப் பின்னணியோடு சிட்டாகிளிப்டினைப் பாருங்கள். நம் வீடுகளில் நீரிழிவு நோயாளிகள் பலர் விழுங்கும் மாத்திரை அது. மெர்க் நிறுவனத்தின் பழைய வழியில் ஓர் இனமீனை, உயர் அழுத்த ஹைட்ரஜனில், ரோடியம் கைரல் வினையூக்கியால் ஒடுக்கினார்கள். அது மோசமான வழி அல்ல. 2006-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது பெற்ற வழி. ஆனாலும் எனான்ஷியோமர் மிகுதி 97 சதவீதத்தில் நின்றதால் மேலும் படிகமாக்க வேண்டியிருந்தது. ரோடியத்தை நீக்கவும் வேண்டியிருந்தது. கீட்டோனிலிருந்து நேராக அமீனுக்குப் போக முடியுமா என்று மெர்க்கும் கோடெக்சிஸும் சேர்ந்து தேடின. ஆர்த்ரோபாக்டர் பாக்டீரியாவிலிருந்து வந்த ஒரு டிரான்சமினேஸ் கையில் இருந்தது. சிட்டாகிளிப்டின் கீட்டோனைக் கொடுத்தால் அது தொடவே இல்லை. அதன் பையில் ஒரு பக்கம் சிறியது. மூலக்கூறு உள்ளே போகாது. முதலில் சுருக்கப்பட்ட ஒரு மெதில் கீட்டோனைக் காட்டிப் பையை ஒரு பக்கம் விரித்தார்கள். பிறகு முழு மூலக்கூறைக் கொடுத்தபோது நூறில் ஒரு பங்குகூட மாறவில்லை. ஆனால் பூச்சியம் அல்லாத ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது. அங்கிருந்து சுற்றுச் சுற்றாகத் திருத்தி 27 திடீர்மாற்றங்கள் கொண்ட நொதியை அடைந்தார்கள்.

அந்த நொதி வேலை செய்யும் குடுவையைக் கண்முன் கொண்டுவாருங்கள். லிட்டருக்கு 200 கிராம் கீட்டோன். பாதி டைமெதில் சல்பாக்சைடு. ஒரு மோலார் ஐசோபுரோபைலமீன். 40 டிகிரி வெப்பம். எனான்ஷியோமர் மிகுதி 99.95 சதவீதம். லிட்டருக்கு ஒரு கிராம் என்று ஏளனம் செய்தோமே, அந்தக் காலம் 2010-லேயே முடிந்துவிட்டது. ரோடிய வழியோடு ஒப்பிட்டால் மொத்த விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது, கழிவு 19 சதவீதம் குறைந்தது, கன உலோகம் முற்றிலும் போனது. திருத்தங்களில் சில வினை நடக்கும் பையில் இல்லை; இரண்டு துணையலகுகள் சேரும் முகப்பில் இருந்தன. அந்த இணைப்பு இறுகியதால்தான் நொதி இவ்வளவு கடுமையான கலவையில் நிலைத்தது. அதே 2010-ல் இந்த வழிக்கும் அதே பசுமை வேதியியல் விருது கிடைத்தது. நல்ல வழி ஒன்றை இன்னும் நல்ல வழி விலக்கிய இந்தக் கதையை ஒவ்வொரு செயல்முறை வேதியியலாளரும் மூலக் கட்டுரையிலேயே படிக்க வேண்டும்.

ஒரு படியை மாற்றுவது இப்படி. பல படிகளை அடுக்கும்போதுதான் நொதிகளின் உண்மையான வலிமை வெளிப்படுகிறது. ஏழு படித் தொகுப்பில் நம் உழைப்பும் கரைப்பானும் எங்கே போகின்றன? வினைகளில் அல்ல, வினைகளுக்கு இடையில். பிரித்தெடுத்தல், கழுவுதல், உலர்த்தல், ஆவியாக்கல், சிலிக்கா. நொதிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஊடகத்தில், ஒன்றின் வினைபடுபொருளை மற்றொன்று தொடாமல் வேலை செய்வதால், இடையில் எதையும் பிரிக்காமலே போகலாம். 2019-ல் மெர்க் குழு, எச்.ஐ.வி.க்கு எதிராக உருவாக்கிய இஸ்லாட்ராவிர் மூலக்கூறை ஒன்பது நொதிகளால் கட்டியது. ஐந்து நொதிகளைப் பரிணாமத்தால் திருத்தினார்கள். நான்கு துணைக்கு நின்றன. ஆல்கஹால் ஒன்றில் தொடங்கி, ஆக்சிஜனேற்றம், பாஸ்பேட் ஏற்றம், டெராவின் ஆல்டால், பாஸ்பேட் இடமாற்றம், கடைசியில் நியூக்ளியோசைடு பிணைப்பு. இடைநிலைப் பொருள் எதையும் தனியே எடுக்கவில்லை. மொத்த விளைச்சல் 51 சதவீதம். படிகள் முந்தைய வழிகளில் பாதிக்கும் குறைவு. கடைசி வினையில் வெளியாகும் பாஸ்பேட் சமநிலையைப் பின்னுக்கு இழுக்கும். அதைத் தின்றுதீர்க்க சுக்ரோஸ் பாஸ்போரைலேஸையும் சாதாரணச் சர்க்கரையையும் சேர்த்தார்கள். இந்தத் திட்டமிடல் நம் துறைக்கே உரிய அழகு. உயிர்வேதியியலாளர் மட்டும் உட்கார்ந்து வரைந்திருக்க முடியாது.

இப்படி அடுக்கும்போது உறுதியின் மதிப்பு பல மடங்காகிறது. மிக விரைவில் சாகும் நொதியின் ஆயுள்தான் முழுத் தொடரின் ஆயுள். அது நின்றதும் அதற்கு முந்தைய பொருள் தேங்குகிறது. தேங்குவது ஆல்டிஹைடு என்றால் மற்ற நொதிகளையும் கொல்லும். ஓசாகாவில் கோசுகே ஹோண்டாவின் குழு இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டது. வெந்நீர் உயிர்களின் நொதிகளை ஈ. கோலையில் உருவாக்கி, செல்களை அப்படியே 70 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதுபோல் இறுகிவிட, வந்தேறி நொதிகள் மட்டும் எஞ்சின. சொந்த நொதிகள் இல்லாததால் பக்கவினைகளும் இல்லை. வேண்டிய நொதிகளை வேண்டிய விகிதத்தில் கலந்து, 2012-ல் குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலத்தை ஏறக்குறைய முழு விளைச்சலில் எடுத்தார்கள். இந்த வழியில் நொதியைத் தூய்மைப்படுத்த விலையுயர்ந்த ரெசின் எதுவும் வேண்டாம். சூடாக்கி, சென்டிரிஃபியூஜில் சுற்றி, மேல்தெளிவை எடுத்தால் போதும். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யலாம்.

உலோக வினையூக்கியை நொதிக்கு எதிரியாக நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குடுவையில் சேர்ந்த மிக அழகான எடுத்துக்காட்டு ஸ்வீடனின் பெக்வால் குழு 1997-ல் செய்தது. ரெசிமிக் ஆல்கஹாலை லிப்பேஸால் பிரித்தால் விளைச்சல் 50 சதவீதத்தைத் தாண்டாது. ரூத்தேனியம் ஒன்றைச் சேர்த்து, எஞ்சிய எனான்ஷியோமரை இடைவிடாமல் ரெசிமிக் ஆக்கிக்கொண்டே இருந்தால் எல்லாமே ஒரு பக்கம் வந்துசேரும். ஆனால் அவர்கள் பயன்படுத்திய ஷ்வோ வினையூக்கி சுமார் 70 டிகிரியில்தான் விழித்தெழும். அந்தச் சூட்டில், கரிமக் கரைப்பானில், நாள்கணக்கில் வேலைசெய்யும் லிப்பேஸ் இருந்ததால்தான் அந்த இணைப்பு சாத்தியமாயிற்று. அந்த லிப்பேஸ் வந்தது அண்டார்க்டிகாவில் கண்டெடுத்த ஈஸ்ட்டிலிருந்து! உறுதியான நொதி வெந்நீரில்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். கரைப்பானும் உதவலாம். 1984-ல் சாக்ஸும் கிளிபனோவும், பன்றிக் கணைய லிப்பேஸ் ஈரமற்ற கரைப்பானில் 100 டிகிரியிலும் மணிக்கணக்கில் செயல்படுவதைக் காட்டினார்கள். அதே நொதி தண்ணீரில் அந்தச் சூட்டில் உடனே அழிந்துவிடும். டொலுயீனில் செத்துப்போகும் என்ற பேச்சு அப்போதே பொய்த்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். 90 டிகிரியில் பழகிய நொதி 30 டிகிரியில் பெரும்பாலும் மந்தமாக இருக்கும். இறுக்கம் அசைவைக் குறைக்கிறது. நொதி சூட்டைத் தாங்கினாலும் என்.ஏ.டி.பி.எச். தாங்காது, ஒடுக்க வினைகளை 60 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் இணைநொதி கையை விட்டுப் போகும். ஆல்ஃபா இடத்தில் ஹைட்ரஜன் உள்ள கைரல் ஆல்டிஹைடு சூட்டில் ரெசிமிக் ஆகிவிடும். அதனால் வெப்பம் தாங்கும் நொதியை வாங்கியதும் வெந்நீரில் ஓட்டத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல நேரம் அதன் உறுதியை 40 டிகிரியில், கரைப்பானிலும் செறிவிலும் செலவிடுவதே புத்திசாலித்தனம். வேறு சில இடங்களில் சூசுகி இணைப்பே எளியது. அங்கே அதையே செய்யுங்கள்.

செயல்முறை ஆய்வுக்கூட நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நொதி விற்பவர் அலகுக் கணக்கில் விலை சொல்வார். அந்த அலகு அவர்களுக்கு வசதியான கலவையில், சில நிமிடங்களில் அளந்தது. உங்கள் கரைப்பானில், உங்கள் செறிவில், 24 மணி நேரம் கழித்து எவ்வளவு செயல்திறன் மிஞ்சுகிறது என்று கேளுங்கள். எத்தனை முறை வடிகட்டித் திரும்பப் போடலாம் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மாதிரி வாங்கி நீங்களே அளந்து பாருங்கள். ஆய்வு மாணவர்களிடம் கேட்பது வேறு. உங்கள் வளாகத்திலேயே உயிர்த்தொழில்நுட்பத் துறை இருக்கும். அங்கே சூடு தாங்கும் நொதிகளைக் குளோன் செய்து, பாராநைட்ரோபீனைல் எஸ்டரில் மட்டும் அளந்து, கட்டுரை எழுதி முடித்துவிடுகிறார்கள். அவர்களிடம் நொதி இருக்கிறது, கேட்க வேண்டிய மூலக்கூறு இல்லை. உங்களிடம் மூலக்கூறு இருக்கிறது. நீங்கள் செய்து ஒதுக்கிவைத்த கீட்டோன்களையும் எஸ்டர்களையும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கதவைத் தட்டுங்கள். ஒரு துறை கேட்காததால் மற்றொரு துறையின் உறைபெட்டியில் நல்ல நொதிகள் வீணாவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பேராசிரியர்கள் இதைப் படித்தால், முதுகலைச் செய்முறைப் பாடத்தில் ஒரே ஒரு சோதனையைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். ரெசிமிக் 1-பீனைல்எத்தனாலை டொலுயீனில் கரைத்து, வினைல் அசெட்டேட் சேர்த்து, ரெசின் மணிகளில் நிலைநிறுத்திய அந்த அண்டார்க்டிகா லிப்பேஸைப் போட வேண்டும். நோவோசைம் 435 என்ற பெயரில் அது கடையிலேயே கிடைக்கும். ஒரு குடுவை 30 டிகிரியில், மற்றொன்று 60 டிகிரியில். ஆர்-எஸ்டர் உருவாகி, எஸ்-ஆல்கஹால் எஞ்சும், டி.எல்.சி.யிலேயே புள்ளிகள் பிரிவது தெரியும், போலாரிமீட்டரில் சுழற்சி தெரியும். மணிகளை வடிகட்டி, டொலுயீனால் கழுவி, உலரவைத்து, அடுத்த வகுப்பு மாணவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் அதே மணிகளில் மீண்டும் ஓட்டி, இரண்டு வெப்பநிலைகளின் எண்களையும் முந்தைய வகுப்பின் எண்களோடு ஒரே அட்டவணையில் எழுதட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி